அவுரி நீலம் (ஆடை நிறம்)

அவுரி நீலம் என்பது அவுரி முதலிய சில செடிகளின் இலையிலிருந்து எடுக்கப்படும் கருநீலச் சாயத்தையும், அச்சாயம் ஏறிய ஆடையின் நிறத்தையும் குறிக்கும். மனிதர் மிக நீண்ட காலமாக அணிந்துவரும் ஆடை நிறங்களுள் இதுவும் ஒன்று. பிரெஞ்சு மன்னரின் மேலங்கி, பிரிட்டிஷ் கடற்படைச் சீருடை, சகாராப் பாலைவனத்தாரின் தலைத்துணி, அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் காற்சட்டை, இன்று உலகெங்கும் அணியப்படும் ஜீன்ஸ் ஆகிய அனைத்தும் இந்தச் சாயத்தில் தோய்ந்தவை. ஓரிடத்தில் உயர்குலச் சின்னமாக இருந்த நீலம் வேறோர் இடத்தில் கூலியாளின் அடையாளமானது. சாயம் எங்கிருந்து வந்தது, என்ன விலைக்குக் கிடைத்தது, யாருடைய உழைப்பில் விளைந்தது என்பவையே பெரும்பாலும் அந்தப் பொருள் மாற்றங்களைத் தீர்மானித்தன.

செடியும் சாயமும்

இந்தியாவில் விளையும் முதன்மையான சாயச்செடி அவுரி. இதன் தாவரவியற் பெயர் இண்டிகோஃபெரா டிங்டோரியா. ஐரோப்பாவில் வோட் என்ற செடியிலிருந்தும், ஜப்பானில் வேறோர் இனச் செடியிலிருந்தும் இதே சாயம் எடுக்கப்பட்டது. மூன்றிலும் கிடைக்கும் நீலப்பொருள் ஒன்றுதான், அளவுதான் வேறு. அவுரியில் வோட் செடியைவிடப் பல மடங்கு சாயம் உண்டு. பிற்கால வணிகப் போட்டிகளுக்கு அதுவே வேராயிற்று.

அவுரி இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. அறுத்த தழையைத் தொட்டி நீரில் ஊறவைத்து நொதிக்க விடுவார்கள். பின்னர் நீரை வேறு தொட்டிக்கு வடித்து, ஆட்கள் உள்ளே இறங்கி நெடுநேரம் அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் பட்டதும் நீரில் கரைந்திருந்த பொருள் நீலமாகி அடியில் படியும். அந்தப் படிவை வடிகட்டி, காய்ச்சி, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள்.

இந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. எனவே சாயமிடுபவர் காரமும் நொதிக்கும் பொருள்களும் சேர்த்த தொட்டியில் அதை மீண்டும் கரையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது தொட்டி நீர் மஞ்சட்பச்சையாகத் தெரியும். அதில் முக்கி எடுத்த துணி காற்றில் சிறிது நேரத்திலேயே பச்சையிலிருந்து நீலமாகும். முக்கும் தடவைகள் கூடக் கூட நிறம் வெளிர்நீலத்திலிருந்து கருநீலம் வரை ஏறும். சாயம் இழையின் புறத்தே படிகிறதே தவிர ஆழமாக ஊடுருவுவதில்லை. உராயும் இடங்களில் ஜீன்ஸ் வெளுப்பதற்கு இதுவே காரணம்.

பழங்காலம்

இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய அவுரி நீலத் துணி, பெரு நாட்டு வாக்கா பிரியேட்டாவில் எடுக்கப்பட்ட சுமார் 6,000 ஆண்டுப் பருத்தித் துண்டு. எகிப்தின் பழந்துணிகளிலும் நீலக் கரைகள் உள்ளன. ரோமானியர் இந்தியச் சாயத்தைக் கட்டிகளாக வாங்கி ஓவிய வண்ணமாகவும் மருந்தாகவும் பயன்படுத்தினர். போலிச் சரக்கை இனங்காணத் தீயிலிட்டுப் பார்க்கும் முறையை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஆனால் ரோமில் நீல ஆடைக்கு மதிப்பு குறைவு. பிரித்தானியர் உடலில் நீலம் பூசிக்கொண்டு போருக்கு வந்ததை ஜூலியஸ் சீசர் குறித்துவைத்தார். ரோமானியர் கண்ணில் அது அயலாரின் நிறம். நீலச் சாயம் கல்லிலிருந்து கிடைக்கிறது என்ற எண்ணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொல்லத்துக்கு வந்த மார்கோ போலோ, அது செடியை நீரில் ஊறவைத்துச் செய்யப்படுவதை விவரித்தார்.

ஐரோப்பா: அயலார் நிறம் அரச நிறமாதல்

12ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் நீலத்தின் மதிப்பு ஏறியது. ஓவியங்களிலும் கண்ணாடிச் சாளரங்களிலும் கன்னி மரியாள் நீல மேலாடையுடன் காட்டப்பட்டார். நீலப் பின்புலத்தில் பொன்னிற அல்லிப்பூக்கள் பிரெஞ்சு அரசின் சின்னமாயின. 13ஆம் நூற்றாண்டில் மன்னர் ஒன்பதாம் லூயி நீலம் அணிந்ததும் பிரபுக்கள் பின்தொடர்ந்தனர். இந்தத் தேவையால் வோட் பயிரிட்ட துலூஸ், எர்ஃபர்ட் போன்ற நகரங்கள் செழித்தன. துலூஸில் இன்றும் நிற்கும் அஸெஸா மாளிகை ஒரு வோட் வணிகர் எழுப்பியது.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், இந்திய அவுரி கடல்வழியே பெருமளவில் இறங்கத் தொடங்கியது. வோட் பயிரிட்டவர்களும் வணிகர்களும் பதறினர். அவுரி துணியை அரிக்கும் என்றும், அது சாத்தானின் சாயம் என்றும் பழி பரவியது. 1577இல் புனித ரோமானியப் பேரரசு அதைத் தடைசெய்தது. 1609இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி, அவுரி பயன்படுத்துவோருக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார். நியூரம்பர்க் சாயக்காரர்கள் அவுரியைத் தொடமாட்டோம் என்று ஆண்டுதோறும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் மலிவான, அடர்த்தியான நீலத்தை விற்பனையில் வெல்ல வோட்டால் முடியவில்லை. பிரான்ஸில் 1737இல் தடை முழுமையாக நீங்கியது.

சாயம் தாராளமானதும் சீருடைகள் நீலமாயின. பிரிட்டிஷ் கடற்படை 1748இல் தன் அதிகாரிகளுக்கு நீலச் சீருடை வகுத்தது. ‘நேவி புளூ’ என்ற வழக்கு அதிலிருந்து வந்தது. 1829இல் அமைந்த லண்டன் மாநகரக் காவல்துறை, செந்நிறம் அணிந்த இராணுவத்தாரிடமிருந்து வேறுபட்டுத் தெரிவதற்காக நீலத்தைத் தேர்ந்தது. சீருடைக்கு வெளியேயும் நீலம் பரவியது: 1774இல் ஜெர்மன் எழுத்தாளர் கெதேயின் ‘வெர்தர்’ நாவல் வெளிவந்ததும், அதன் நாயகனைப் போல் நீலக் கோட்டும் மஞ்சள் உள்ளங்கியும் அணிவது இளைஞரிடையே மோஸ்தராயிற்று.

ஆப்பிரிக்கா, ஜப்பான், புதுச்சேரி

மேற்கு ஆப்பிரிக்காவில் நீலத் துணி செல்வத்தின் அளவுகோல். நைஜீரியாவின் கானோ நகரில் தரையில் தோண்டிய சாயக்குழிகள் பல நூற்றாண்டுகளாகப் புழங்குகின்றன. சகாராவின் துவாரெக் ஆண்கள், அவுரியில் தோய்த்து மினுமினுக்கும்வரை அடித்த தலைத்துணியை அணிவர். சாயம் தோலில் ஒட்டுவதால் அவர்களுக்கு ‘நீல மனிதர்’ என்ற பெயரும் உண்டு.

மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில் தமிழகக் கடற்கரைக்கும் பங்கு இருந்தது. பிரெஞ்சு வணிகர் ‘கினே’ என்று அழைத்த அவுரிநீலப் பருத்தித் துணி, புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் நெய்து சாயமேற்றப்பட்டு செனகலுக்குக் கப்பலேறியது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செனகல் ஆற்றங்கரையில் அது பணமாகவே செல்லுபடியானது. பாலைவன வணிகர் அரபிப் பிசினைக் கொடுத்து இத்துணியை வாங்கினர். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுத்தொழிலுக்குத் தேவைப்பட்டது. ஐரோப்பிய ஆலைகள் போலிகளை அனுப்பியபோதும், புதுச்சேரித் துணியின் நிறத்தையும் தன்மையையும் அறிந்த வாங்குவோர் அதையே கேட்டனர்.

ஜப்பானில் எடோ காலத்து அரசு (1603–1868) எளிய மக்கள் பட்டும் பகட்டு நிறங்களும் அணிவதைக் கட்டுப்படுத்தியது. பருத்தியில் நன்கு பிடிக்கும் நீலம் அவர்களுக்குத் திறந்திருந்த வழியாயிற்று. உழவர் உடை, தீயணைப்போர் அங்கி, கடைவாசல் திரை ஆகியவை நீலமாயின. சட்டம் விட்டுவைத்த இந்த நிறத்துக்குள் எண்ணற்ற சாயல்களையும் வடிவங்களையும் ஜப்பானியச் சாயக்காரர்கள் படைத்தனர். இன்றைய தொக்குஷிமா பகுதி அந்தச் சாயத்தொழிலின் தலைமையிடம்.

தோட்டங்களும் கலகங்களும்

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கான அவுரியின் பெரும்பகுதி, அடிமைகளின் உழைப்பில் கரீபியத் தீவுகளிலும் தென் கரோலினாவிலும் விளைந்தது. தென் கரோலினாவில் 1740களில் இப்பயிரை வேரூன்றச் செய்தவர் எலைசா லூகாஸ். அமெரிக்க விடுதலையும் ஹெய்தி புரட்சியும் அந்த வழியை அடைத்தபின் பிரிட்டன் வங்காளத்தின் பக்கம் திரும்பியது.

வங்காளத்தில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் உழவருக்கு முன்பணம் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிட வற்புறுத்தினர். விலையை முதலாளியே நிர்ணயித்ததால் கடன் தீரவே இல்லை. தந்தையின் கடன் மகனுக்கு வந்தது. 1859இல் நதியா மாவட்டத்தில் உழவர் பயிரிட மறுத்தனர். கிளர்ச்சி பல மாவட்டங்களுக்குப் பரவியது. 1860இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதே ஆண்டில் தீனபந்து மித்ரா எழுதிய ‘நீல் தர்ப்பண்’ நாடகம் கொடுமைகளை அம்பலமாக்கியது. அதன் ஆங்கில வடிவை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1861இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் பெற்றார்.

வங்காளத்தில் தளர்ந்த பயிர் பீகாரில் நீடித்தது. சம்பாரணில் ‘தீன்கதியா’ முறைப்படி குத்தகை உழவர் ஒவ்வொரு 20 கட்டா (அப்பகுதி நில அளவு) நிலத்திலும் 3 கட்டாவில் அவுரி பயிரிட்டாக வேண்டும். அப்பகுதி உழவர் ராஜ்குமார் சுக்லாவின் விடாத அழைப்பால் 1917 ஏப்ரலில் காந்தி அங்கு சென்றார். அவர் நடத்திய விசாரணையும் சத்தியாகிரகமும் 1918இன் சம்பாரண் விவசாயச் சட்டத்துக்கு வழிகோலி, தீன்கதியா முறையை ஒழித்தன.

செயற்கை நீலம்

சம்பாரண் நெருக்கடியின் ஒரு நுனி ஜெர்மன் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் 1880இல் அவுரிச் சாயத்தைச் செயற்கையாகத் தயாரித்து, 1883இல் அதன் வேதியியல் கட்டமைப்பையும் கண்டறிந்தார். 1905இல் நோபல் பரிசு பெற்றார். மலிவாக உற்பத்தி செய்யும் வழி தேடி பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் சுமார் 1.8 கோடி மார்க் செலவிட்டு, 1897இல் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் இந்திய அவுரியின் விலை சரிந்தது. சம்பாரண் முதலாளிகள் அந்த இழப்பை உழவர் தலையில் கட்டினர்: அவுரிக் கடமையிலிருந்து விடுவிப்பதற்கு ஈடாக குத்தகையை உயர்த்தினர் அல்லது மொத்தத் தொகை வாங்கினர். 1914இல் முதல் உலகப்போர் ஜெர்மன் சாயத்தின் வரவை நிறுத்தவே, இயற்கை அவுரி சிறிது காலம் தலைதூக்கிப் பின் மீண்டும் விழுந்தது.

உழைப்பாளர் உடையிலிருந்து ஜீன்ஸ் வரை

அழுக்கை மறைக்கும், பலமுறை துவைத்தாலும் தாங்கும் என்பதால் நீலம் உழைப்பாளரின் உடைநிறமாக நிலைத்தது. 1873 மே 20 அன்று அமெரிக்காவில் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸும், காற்சட்டையின் இழுபடும் இடங்களைச் செப்புக் குமிழ் ஆணிகளால் வலுப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அதற்குப் பயன்பட்ட டெனிம் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. உடற்தொழிலாளரை ‘நீலக் காலர்’ என்று குறிப்பது 1920களில் அமெரிக்காவில் பரவியது.

1955இல் வந்த ‘ரெபெல் வித்அவுட் எ காஸ்’ படத்தில் ஜேம்ஸ் டீன் அணிந்த ஜீன்ஸ் இளைஞரின் மீறலுக்கு அடையாளமாயிற்று. 1960களில் அமெரிக்கக் கறுப்பின உரிமை இயக்கத்தின் மாணவத் தொண்டர்கள், தென்மாநிலக் குத்தகை உழவரின் டெனிம் உடையை வேண்டுமென்றே அணிந்து அவர்களிடையே பணியாற்றினர். பிறகு விலையுயர்ந்த வடிவமைப்பாளர் ஜீன்ஸும், கல்லோடு சேர்த்துச் சலவை செய்து பழையதாக்கிய ஜீன்ஸும் வந்தன. தேய்ந்து வெளுத்த நீலம் ஏழ்மையின் குறியாக இருந்த நிலை போய், காசு கொடுத்து வாங்கும் அழகாயிற்று.

இந்தியாவில் நீல உடை

புராண மரபில் பலராமன் நீல ஆடை உடுத்தவன். சீக்கியரில் நிகங்குகள் என்னும் போர்வீரப் பிரிவினர் நீல அங்கியும் தலைப்பாகையும் அணிகின்றனர். மறுபுறம், மனுஸ்மிருதி அந்தணர் விற்கக்கூடாத பொருள்களுள் அவுரியைச் சேர்த்தது. நீல ஆடையையே விலக்கிய தரும நூல்களும் உண்டு. சாயத்தொட்டியின் நாற்றமும் அதில் மாளும் உயிர்களும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. 20ஆம் நூற்றாண்டில் இந்த மதிப்பீடு தலைகீழானது. அம்பேத்கர் 1942இல் நிறுவிய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் கொடி நீலம். நீலக் கோட்டணிந்த அவரது சிலைகள் நாடெங்கும் எழுந்தபின், நீலம் தலித் அரசியலின் தன்மான நிறமாயிற்று.

இன்றைய நிலை

இன்று உற்பத்தியாகும் அவுரி நீலம் ஏறக்குறைய முழுவதும் செயற்கைச் சாயமே. அதில் பெரும்பகுதி டெனிமுக்குச் செல்கிறது. சாயத்தைக் கரைக்கப் பயன்படும் வேதிப்பொருள்கள் கழிவுநீரை மாசுபடுத்துவதால், மின்வேதி முறையும் நுண்ணுயிர் வழி உற்பத்தியும் ஆராயப்படுகின்றன. இயற்கை அவுரி சிறிய அளவில் மீண்டு வருகிறது. தமிழ்நாட்டில் திண்டிவனம் பகுதியில் சாயத்துக்காக அவுரி பயிராகிறது. தலைச்சாயமாகவும் மருந்தாகவும் அதன் இலைப்பொடி விற்பனையாகிறது. கையால் சாயமிட்ட இயற்கை நீலத் துணிக்கு ஆலை நீலத்தைவிட விலை கூடுதல். ஒரு காலத்தில் ஐரோப்பிய வோட்டை மலிவால் வென்ற அவுரி, இப்போது அருமையால் மதிப்புப் பெறும் சரக்காகியிருக்கிறது.