அம்மா முகமும் உள்ளங்கை வேர்வையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினா 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் திடீர்னு எதிரே பஸ் வந்தா உள்ளங்கை லேசா வேர்க்கும். வேர்வையில் உப்பு இருக்கு. அதனால தோல் வழியா மின்சாரம் கொஞ்சம் சுலபமாப் பாயும். பிரான்சில் ஷார்ல் ஃபெரே என்ற மருத்துவர் 1888-லேயே இந்த மாற்றத்தைப் பதிவு செய்தார். பயம்னு இல்ல, நமக்கு வேண்டியவங்க முகத்தைப் பார்த்தாலே இது நடக்கும்.

மூளையில் அடிபட்டா?

1985-ல் அமெரிக்காவில் டேனியல் ட்ரானலும் அந்தோனியோ டமாசியோவும் இரண்டு பேரைச் சோதித்தார்கள். மூளைப் பாதிப்பால் சொந்தக்காரங்க முகம்கூட அவங்களுக்கு அடையாளம் தெரியாது. ஆனா தெரிஞ்சவங்க படத்தைக் காட்டினதும் தோலின் மின்கடத்தல் கூடியது. வாய் 'தெரியாது' என்றது, தோல் 'தெரியும்' என்றது.

இதைத் தலைகீழாக்கிப் பாருங்க. "அச்சு அசல் எங்கம்மாதான், ஆனா இவங்க அம்மா இல்ல, யாரோ வேஷம் போட்டு வந்திருக்காங்க" என்று ஒருத்தர் நம்புவார். பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிரா 1923-ல் விவரித்த நிலை இது. முகம் தெரிகிறது, பாசம் மட்டும் எழவில்லையோ என்று 1990-ல் ஹேடன் எல்லிஸும் ஆண்ட்ரூ யங்கும் ஊகித்தார்கள்.

இங்கதான் நம்ம ஊர்க்காரர் வர்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கலிஃபோர்னியாவில் அவரும் வில்லியம் ஹர்ஸ்டீனும் சோதித்த இளைஞர், விபத்தில் தலையில் அடிபட்டவர். பெற்றோரைப் போலிகள் என்றார். அவங்க படத்தைக் காட்டினபோதும், முன்பின் தெரியாதவங்க படத்தைக் காட்டினபோதும் அவர் தோலில் வித்தியாசமே இல்ல. 1997-ல் இதை வெளியிட்டார்கள். எல்லிஸ் குழுவும் அதே ஆண்டு வேறு நோயாளிகளிடம் இதையே கண்டது.

இதில் என்னை உலுக்கினது ஒண்ணு: அதே அப்பா போனில் பேசினா, அவர் அப்பாதான் என்று அந்த இளைஞர் ஏத்துக்கிட்டார். குரல் மனசைத் தொடும் பாதை வேறு. அது அறுந்து போகல என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கம்.

அப்போ, ஒருத்தரை 'நம்ம ஆள்' என்று உணர முகம் தெரிஞ்சா மட்டும் போதாது. உள்ளே ஏதோ ஒண்ணு அசையணும். அந்த அசைவு நிற்கும்போது, காரணம் சொல்ல மூளை ஒரு கதை கட்டுது. தலையில் அடிபட்ட பிறகு வீட்டில் யாராவது இப்படிப் பேசினா, நடிக்கிறாங்கன்னோ பேய் பிடிச்சிருக்குன்னோ முடிவு கட்டாதீங்க. நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.