எங்கட மெயின் வீதி மாறிய கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

காத்தான்குடி பிரதான வீதியில் பலகைக் கதவு வைத்த கடைகள் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டால், பலகைக் கதவு என்றால் என்ன சேர் என்று திருப்பிக் கேட்கிறார்கள். இலக்கம் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுத்தான் ஒரு காலத்தில் கடை திறந்தார்கள். பின்னேரம் பூட்டும்போது இலக்கம் மாறிவிட்டால் பலகை பொருந்தாது, முதலாளியின் ஏச்சு விழும். கடைக்கு வேலைக்குச் சேர்ந்த பொடியனுக்கு முதல் பாடமே அந்த இலக்கங்கள்தான். இப்போது ஷட்டர், அதற்குப் பின்னால் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஏசி.

ஊர் வளர்ந்ததைப் பற்றி எங்களுக்குள் பேசும்போது ஒரு கதை சொல்வோம்: வியாபாரம் எங்கள் இரத்தத்தில் ஊறியது, உழைத்தோம், உயர்ந்தோம். வெளியில் எங்களைப் பற்றிச் சொல்லப்படும் கதை வேறு: சண்டைக் காலத்தில் மற்றவர்கள் அழிய இவர்கள் கொழுத்தார்கள். இரண்டும் அரைக்கதைதான். மிச்சக் கதை அந்த வீதியிலேயே கிடக்கிறது, ஆனால் கடைக்குக் கடை இடிந்து போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

செனரத் மன்னன் காலத்திலிருந்து தொடங்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். அது எல்லோருக்கும் மனப்பாடம். 1924இலிருந்து தொடங்குவோம்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணல் துண்டு எங்கள் ஊர். மட்டக்களப்புப் பட்டினம் என்றால் அன்று புளியந்தீவுதான். போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததும் அந்தத் தீவில்தான். கச்சேரி, நீதிமன்றம், பெரிய கடைகள் எல்லாம் பிறகு அதைச் சுற்றியே வந்தன. நாங்கள் அங்கே போக வாவியைக் கடக்க வேண்டும். கல்லடியில் பாலம் வரும்வரை தோணிதான். 1924இல் தேசாதிபதி மன்னிங்கின் மனைவியின் பெயரால் லேடி மன்னிங் பாலம் வந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் காத்தான்குடியையும் புளியந்தீவையும் ஒரே கடைத்தெருவாக்கின என்று நாங்கள் நினைக்கிறோம். ரயிலில் வந்திறங்கும் சரக்கு மாட்டு வண்டிலில் ஏறிப் பாலம் கடந்து ஊருக்கு வரும். ஊர் ஆட்கள் காலையில் பாலம் கடந்து பட்டினத்தில் கடை திறந்து, இரவில் திரும்புவார்கள்.

அந்தக் காலத்துப் புளியந்தீவுக் கடைகளை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் ஊரவரின் புடவைக்கடைக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து முதலாளியின் கடை, அதற்கு அப்பால் தெற்கிலிருந்து வந்த சிங்களவரின் பேக்கரி. பெருநாளைக்கும் தீபாவளிக்கும் ஒரே கடையில்தான் உடுப்பு. ஊருக்குள் இருந்த மெயின் வீதியில் ஊருக்குத் தேவையானது மட்டும் இருந்தது: சில்லறைக்கடை, தேத்தண்ணிக் கடை, தையல்காரர், சைக்கிள் கடை. கடைக்கு முன்னால் ஒரு விறாந்தை, விறாந்தையில் ஒரு வாங்கு, வாங்கில் பத்திரிகை வாசித்துச் சொல்ல ஒருவர். பெரிய யாவாரம் பட்டினத்தில், ஊர்க்கதை மெயின் வீதியில்.

ஊருக்குள் உற்பத்தியும் இருந்தது. எங்கள் உம்மம்மாமார் பன்பாய் இழைத்தார்கள். தறிச் சத்தம் கேட்காத ஒழுங்கை குறைவு. 1970க்குப் பின் வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது உள்ளூர்த் துணிக்குக் கிராக்கி. கைத்தறிச் சாரனுக்கு நல்ல காலம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி மலிவாக இறங்கியதும் நாடு முழுக்கக் கைத்தறி படுத்தது, எங்கள் ஊரிலும் அதேதான். அடுத்த வருடமே, 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. நெய்தவரின் மகன் விற்பவரானார். வேறு பலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள், அங்கிருந்து வந்த காசு கல்லாகவும் சீமெந்தாகவும் மாறியது. யாவாரம் இரத்தத்தில் ஊறியது என்று சொல்கிறவர்கள், தறி ஊறியிருந்த வீடுகளை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இனித்தான் பேசக் கஷ்டமான பகுதி.

1985 ஏப்ரலில் கிழக்கில் தமிழ் முஸ்லிம் மோதல் மூண்டது. அயல் ஊர்கள் ஒன்றையொன்று பயத்தோடு பார்க்கத் தொடங்கின. ஐந்து வருடம் கழித்து 1990. ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். நாங்கள் கடைத்தெரு என்று சொல்லும் இதே வீதியின் தொடர்ச்சியில்தான் அது நடந்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் எங்கள் இரண்டு பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதைப் பற்றி ஒவ்வொரு வருடமும் எழுதுகிறோம். கடைகளுக்கு என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லை.

பட்டினத்தில் கடை வைத்திருந்த எங்கள் ஆட்களில் பலர் திரும்பிப் போகவில்லை. சிலர் வந்த விலைக்கு விற்றார்கள், சிலர் திறப்பை மட்டும் வீட்டு அலுமாரியில் வைத்திருந்தார்கள். மறுபக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் வீதிக்கு வந்து தொழில் செய்த தமிழ்ச் சகோதரர்களாலும் வரமுடியாமல் போனது. ஆரையம்பதியிலிருந்தும் நாவற்குடாவிலிருந்தும் வந்து போன கால்கள் நின்றன. அந்தக் கிராமங்களிலும் கொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அவர்களுடைய நினைவு நாட்கள் இருக்கின்றன. ஒரே கடைத்தெருவாக இருந்தது இரண்டாகப் பிளந்தது. இடையில் சோதனைச்சாவடியோடு கல்லடிப் பாலம் நின்றது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: மெயின் வீதி பெரிய கடைத்தெருவானது இந்தப் பிளவுக்குப் பிறகு. பட்டினத்துப் புடவைக்கடை ஊருக்குள் வந்தது. படுவான்கரையில் வயல் வைத்திருந்தவர் வாவிக்கு அந்தப் பக்கம் போகமுடியாமல், இருந்த காசை ஒரு கடை அறையில் போட்டார். தெற்கே ஒல்லிக்குளம் போன்ற இடங்களிலிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்களும் ஊருக்குள்தான் ஒதுங்கினார்கள். எல்லோரும் அதே மணல் துண்டில்.

அதோடு எங்கள் சீதன வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். வளவைப் பிரித்து மூத்தவளுக்கு ஒரு துண்டு, இளையவளுக்கு ஒரு துண்டு. மூன்று தலைமுறையில் வளவு முடிந்துவிடும். வீதியோரத்துத் துண்டு யாருக்கு விழுந்ததோ அவருடைய அதிர்ஷ்டம்: கீழே கடை, மேலே வீடு. பக்கவாட்டில் இடமில்லாததால் கட்டடம் மேலே போனது. 2012 குடிசன மதிப்பீட்டில் எங்கள் பிரதேச செயலகப் பிரிவில் சுமார் 40,000 பேர். இலங்கையில் இப்படி நெருங்கி வாழும் ஊர்கள் குறைவு. மூன்று மாடிக் கடையை அண்ணாந்து பார்த்து செல்வம் என்று நினைக்கிறவர்கள், அதில் நெருக்கடியையும் பார்க்கலாம்.

ஊரில் மெத்தைப் பள்ளி என்ற பெயர் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? மெத்தை என்றால் மாடி. மாடி என்பதே ஒரு கட்டடத்துக்குப் பெயராகும் அளவுக்கு அன்று அது புதினம். இன்று மெத்தை இல்லாத கடையைத்தான் தேட வேண்டும்.

2004 டிசம்பர் 26, சுனாமி. கரையோரத்தை அடித்தது, மையித்துகளைச் சுமந்தோம். 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தது. அதற்குப் பிறகு வங்கிகள், லீசிங் கம்பனிகள், போன் கடைகள் வரிசையாக வந்தன. வீதிக்குக் கார்பட் போடப்பட்டது, நடுவில் தடுப்பு வந்தது, எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ்வின் முயற்சியில் அந்தத் தடுப்பில் பேரீச்ச மரங்கள் நடப்பட்டன. இந்த உப்புக்காற்றில் காய்க்காது என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். காய்த்தது. வெளியூரிலிருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதே நேரத்தில் விறாந்தைகள் போயின, வாங்குகள் போயின. வீதி அழகானதும் நிற்பதற்கு இடமில்லை. வாங்கிக்கொண்டு போகலாம், உட்கார்ந்து கதைக்க முடியாது.

மரத்தைவிட வீதியை மாற்றியவை இரண்டு பாலங்கள். 2013இல் பழைய லேடி மன்னிங் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பான் உதவியில் புதுப் பாலம். பழையதில் ஒரு பக்கத்து வாகனம் போக மறுபக்கம் காத்து நிற்க வேண்டும், அந்தக் கஷ்டம் தீர்ந்தது. 2014இல் மண்முனைப் பாலம், அதுவும் ஜப்பான் உதவிதான். அதுவரை மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்துதான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்த பிறகு வேளாண்மை வெட்டிய கையோடு குடும்பமாக மோட்டார் சைக்கிளில் எங்கள் வீதிக்கு வந்தார்கள். கல்யாணச் சேலை எடுக்க, பிள்ளைக்குப் பள்ளிக்கூட உடுப்பு எடுக்க. கடைகளில் தமிழ்ப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். பிளந்த கடைத்தெரு மெல்ல ஒட்டத் தொடங்கியது.

2019 ஏப்ரல் 21 காலை அது மறுபடி அறுந்தது. சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகள் பலர். அந்தக் கூட்டத்தின் தலைவன் எங்கள் ஊரில் பிறந்தவன். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லாவிட்டால், எங்கள் வாத்திமார் தொழிலுக்கு அர்த்தமில்லை. பெருநாள் யாவாரத்துக்குச் சரக்கு நிரப்பியிருந்த கடைகளில் ஆளில்லை. முஸ்லிம் கடையில் வாங்காதே என்று நாடெங்கும் சொன்னார்கள், மட்டக்களப்பிலும் சொன்னார்கள். பெயர்ப்பலகைகளிலிருந்த அரபு எழுத்துகள் அகற்றப்பட்டன. பேரீச்ச மரங்களையும் அரபுமயத்தின் சாட்சியாகக் காட்டிப் பேசினார்கள், பாவம், மரம் என்ன செய்யும்! ஆனால் பலகை விஷயத்தில் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. பழைய கடைப் பலகைகளில் தமிழ்தான் பெரிதாக இருந்தது, வாப்பாமாரின் பெயரும் ஊரின் பெயரும் இருந்தன. அரபு எழுத்து வந்தது பிந்திய காலத்தில். வாங்க வருகிறவர் வாசிக்க முடியாத எழுத்தைக் கடை முகப்பில் எழுதி வைத்தது யாவாரத்துக்கும் உதவவில்லை, தீனுக்கும் உதவவில்லை.

பிறகு கொரோனா முடக்கம், 2022இல் டொலர் தட்டுப்பாடு. இறக்குமதியை நம்பி நின்ற கடைகள் கைமாறின. இன்று ஒரு கடையின் ஆயுள் ஒரு குத்தகைக் காலம். புடவைக்கடை இருந்த இடத்தில் போன் கடை, போன் கடை இருந்த இடத்தில் அபாயாக் கடை, அதுவும் இப்போது பாதி வியாபாரத்தைப் பேஸ்புக்கில் செய்து கூரியரில் அனுப்புகிறது. படுவான்கரை ஆட்கள் திரும்ப வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பேரம் பேசுவதில் அவர்களை வெல்ல முடியாது.

பூர்வீக நூதனசாலையில் மிகப் பழைய காலத்தைப் பார்க்கலாம். எங்களுக்குத் தேவைப்படுவது நேற்றைய காலம், பட்டினத்தில் கடை வைத்திருந்தவர்களின் காலம். அவர்களில் கடைசியாக இருப்பவர்கள் இப்போது எண்பது தாண்டியவர்கள். அவர்களும் போய்விட்டால் மேலே சொன்ன இரண்டு அரைக்கதைகள்தான் எங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். 1990க்கு முந்திய புளியந்தீவுக் கடை பில், கடை உறுதி, கடை வாசலில் எடுத்த போட்டோ, பழைய பெயர்ப்பலகை எதுவானாலும் வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அந்தக் கடை எந்த இடத்தில் இருந்தது, இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். இதை வாசிக்கும் புளியந்தீவு, ஆரையம்பதி, கல்லடி நண்பர்களிடமும் கேட்கிறோம். எங்கள் மெயின் வீதியில் தொழில் செய்த உங்கள் அப்பாமாரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். அந்தப் பக்கம் எங்களிடம் இல்லை.

கடன் கொப்பி கிடைத்தால் அதையும் தாருங்கள். பெயர்களை மறைத்துவிடுவோம். யாருடைய மூத்தவாப்பா யாருக்கு எவ்வளவு கொடுக்க இருந்தது என்பதை இன்ஷா அல்லாஹ் வெளியில் விடமாட்டோம்.