எய்ட்ஸ் வரைபடமும் குருதிச் சோதனையும்: இந்திய மாநிலங்களை முன்வைத்து ஒரு நோக்கு

இந்தியாவில் எச்.ஐ.வி. பரவலை மாநிலவாரியாகக் காட்டும் பழைய அட்டவணைகளை நோக்குவோர், அவை எங்கே சோதனை நடந்தது என்பதனையும் சேர்த்தே காட்டுகின்றன என்பதை மறந்துவிடுகின்றனர். தமிழகத்தை ‘முதலில் பாதிக்கப்பட்ட மாநிலம்’ எனக் கூறுவதைவிட ‘முதலில் கண்டறிந்த மாநிலம்’ எனக் கூறுவதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

இந்தியரின் ஒழுக்கமுறை இந்நோயை அண்டவிடாது என்னும் எண்ணம் 1980களின் நடுப்பகுதியில் பரவலாக நிலவியது. அச்சூழலில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவியாக இருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளரிடம் குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஆதலின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. அங்கு ஆறு மாதிரிகளில் தொற்று தென்பட்டது. அமெரிக்காவில் செய்யப்பெற்ற மறுசோதனை அதனை உறுதிப்படுத்தியது. 1986 மே மாதம் நலவாழ்வு அமைச்சர் ஹண்டே இதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். தலைநகரிலேயே வசதியின்றி ஒரு மாணவியின் முயற்சியை நம்பியிருந்த நிலை இது எனின், சிற்றூர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 1992இல் தோன்றிய பின்னர், தமிழகம், மகாராட்டிரம், ஆந்திரம், கருநாடகம், மணிப்பூர், நாகலாந்து ஆகிய ஆறும் மிகுபரவல் மாநிலங்கள் எனக் கொள்ளப்பட்டன. அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கருவுற்ற பெண்களிடமும் பால்வினை நோயாளரிடமும் செய்த சோதனையே மதிப்பீட்டின் அடிப்படை. 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு வீடுவீடாகக் குருதியைச் சோதித்ததன் பயனாக, 52 இலட்சம் எனக் கருதப்பட்ட எண்ணிக்கை 2007இல் 25 இலட்சமாகத் திருத்தப்பட்டது. அதே ஆய்வு உத்தரப் பிரதேசத்தில் மிகக் குறைந்த பரவலையே கண்டது. ஆகவே, வடக்கு தெற்கு வேறுபாடு முழுவதும் சோதனைக் குறைவினால் எழுந்த மாயை என்று வாதிடுதலும் தவறாகும்.

எனினும், குறைபரவல் என்னும் பெயருக்குள் ஓர் ஆபத்து உள்ளது. அத்தகைய பகுதியில் காசநோயோடும் நீங்காத வயிற்றுப்போக்கோடும் வருபவரிடம் எச்.ஐ.வி. இருக்கலாம் என்று மருத்துவர் எளிதில் ஐயுறுவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் பெரிதும் அழிந்த பின்னரே சோதனை நிகழ்கின்றது. இலவச மருந்து வழங்கல் 2004 ஏப்ரலில் எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியபோதும் மேற்கூறிய ஆறு மாநிலங்களும் தில்லியுமே அதனைப் பெற்றன. தாம்பரம் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் அங்கு வந்தனர். தொற்று உறுதியானவர் அனைவருக்கும் உடனே மருந்து என்னும் கொள்கை 2017இல் நடைமுறைக்கு வந்தபின், சோதனையில் நேரும் தாமதமே உயிருக்கு இடையூறாக எஞ்சியது.

2019ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் தேசிய அளவில் வயதுவந்தோரிடையே பரவல் 0.22 விழுக்காடு. முதலிடத்தில் 2.3 விழுக்காட்டுடன் நின்றது, அந்த ஆறனுள் ஒருபோதும் இடம்பெறாத மிசோரம்.