மாடு எங்கே நிற்கும்? – இராயபுரம் சொல்லும் பாடம்



பழைய கூரை வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறோம். நல்ல காரியந்தான். ஆனால் அந்த வீட்டின் வரைபடத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கூடம் இருக்கும், சமையல் கட்டு இருக்கும், மோட்டார் சைக்கிள் நிறுத்தவும் இடம் இருக்கும். "சரி, மாடு எங்கே நிற்கும்?" என்று கேட்டால், மேஸ்திரியும் வீட்டுக்காரரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள்.

நம்முடைய முன்னோர்கள் அப்படிக் கட்டவில்லை. திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு, அதற்கும் பின்னாலே கொட்டில், கொல்லை என்று வரிசையாக வைத்தார்கள். கோழி அடைய திண்ணைக்கு அடியிலே ஒரு பொந்து. நெல் இருக்கும் இடத்திலே எலி பிடிக்கப் பூனை. காவலுக்கு வாசலிலே நாய். குளிர் மிகுந்த ஜெர்மனி நாட்டின் வட பகுதியிலே குடியானவர்கள் மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி நீளமான வீடு கட்டினார்கள். ஊருக்கு ஊர் முறை வேறு. ஆனால் பிராணிக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் வீட்டைக் கட்டினார்கள். இதுதான் முக்கியம்.

இந்த முறை நகரத்துக்குப் போனபோது என்ன ஆனது? வடசென்னைக் கதையைக் கேளுங்கள்.

1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பிறகு துறைமுகம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று வேலை பெருகியது. பிழைப்புத் தேடி ஜனங்கள் வந்தார்கள். முகப்புக் குறுகி, நீளமாக ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் நாலைந்து குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தன.

அந்தச் சந்துகளில் மாடும் இருந்தது. ஏன் தெரியுமா? அந்தக் காலத்திலே பாலைக் குளிரவைத்து வைக்க வசதி கிடையாது. கறந்த பால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். ஆகவே, பால் குடிக்கிறவர் இருக்கும் இடத்துக்கே மாடு வந்தாக வேண்டும். பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து, கண்ணெதிரே கறந்து கொடுத்துவிட்டுப் போவார்.

மாடு வந்தது, ஆனால் கொட்டிலும் கொல்லையும் கூட வரவில்லை. முற்றத்து மூலையிலும் சந்திலும் கட்டினார்கள். வளர்ந்த மாடு ஒன்று நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணம் போடும். கிராமத்தில் அது வயலுக்கு எரு. சந்திலோ அது சாக்கடையில் போய் அடைத்துக்கொள்ளும். காற்றில்லாத இருட்டில் மாடு நின்றால் மடிநோய் வரும், காசநோயும் பரவும். நோயுள்ள மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் மனிதருக்கும் அந்தக் காசநோய் தொற்றும்.

அதைவிடக் கொடுமை கன்றுக்குத்தான். பாலெல்லாம் விலைக்குப் போனபின் கன்றுக்கு மிச்சம் ஏது? கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்து, பசுவின் முன் வைத்துக் கறப்பார்கள். காந்தியடிகள் 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பால் குடிப்பதை விட்டதற்கு, கல்கத்தாவில் மாடுகளைப் படுத்தும் பாட்டைப் படித்ததும் ஒரு காரணம்.

இதற்கு மாற்று இரண்டு வழியாக வந்தது. ஒன்று, மாட்டை நகரத்துக்கு வெளியே கொண்டுபோவது. பம்பாயில் 1949-ல் ஆரே பால் குடியிருப்பு ஏற்பட்டது. நம் சென்னைக்கு வடக்கே மாதவரத்தில் மில்க் காலனி அமைந்தது. இன்னொன்று, மாட்டை ஊரிலேயே விட்டுவிட்டுப் பாலை மட்டும் கொண்டுவருவது. 1927-ல் அயனாவரத்தில் பால் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பின்னாலே குளிரூட்டும் நிலையங்களும் லாரிகளும் வந்தன. இன்றைக்கு நீங்கள் சங்கத்தில் பால் ஊற்றிக் காசு வாங்குவது அந்த வழியில்தான்.

ஆனாலும் கதை முடியவில்லை. நகர்ப் பகுதிகளில் விலங்குகள், பறவைகள் வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. திருவொற்றியூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சென்னைத் தெருக்களில் திரியும் மாடுகளை மாநகராட்சி பிடித்து அபராதம் போடுகிறது. கட்ட இடமில்லாத மாடு தெருவுக்குத்தான் வரும். பழி மட்டும் மாட்டின் மேல்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? திருவொற்றியூரைச் சுற்றி இருந்தவையும் ஒரு காலத்தில் கிராமங்களே. உங்கள் ஊரும் நாளைக்கு நகரமாகலாம். அதற்கு முன்பே, மனை காலியாக இருக்கும்போதே, மாட்டுக்கு இடம் குறித்துவிடுங்கள்.

ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் சுமார் 38 சதுர அடி வேண்டும். உலாவ அதுபோல் இரண்டு மடங்கு திறந்த இடம் இருந்தால் நல்லது. தரை வழுக்காமல் சொரசொரப்பாக இருக்கட்டும். நாலு அடிக்கு ஒரு அங்குலம் வீதம் சரிவு கொடுத்து, மூத்திரம் கால்வாயில் ஓடிவிடும்படி செய்யுங்கள். எருக்குழி, கிணற்றுக்கு 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கொட்டிலின் காற்று சமையல் கட்டுப் பக்கம் வராமல், காற்றடிக்கும் திசை பார்த்து இடம் பிடியுங்கள். கொட்டிலுக்குத் தனி வழி விடுங்கள். கூடத்துக்குள்ளே மாட்டை ஓட்டிப் போகிற நிலைமை வேண்டாம்.

நாய் வளர்க்கிறவர்கள், மழை படாத ஒரு மூலையை அதற்கு ஒதுக்கி, வருஷந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கோழியைப் படுக்கை அறைப் பக்கம் அடைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. அஸ்திவாரம் போடும் முன்னால் தரையில் ஒரு கோடு போட்டால் போதும். கட்டிய பிறகு யோசித்தால், இடிக்க வேண்டும். இல்லையென்றால் மாட்டை விற்க வேண்டும். இராயபுரத்துச் சந்துகளில் அந்தக் கோட்டைப் போட யாருக்கும் இடமில்லை. உங்களுக்கு இன்னும் இருக்கிறது.