கேள்வியும் சாடையும்: திருகோணமலைத் துறைமுகமும் இரண்டு சீட்டாட்டங்களும்

திருகோணமலைத் துறைமுகம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1795 வரை ஒல்லாந்தர் வசமிருந்தது. 1782இல் முதலில் ஆங்கிலேயரிடமும் பின்னர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனிடமும் அது சிறிது காலம் கைமாறியது. 1795க்குப் பின் அங்கே நிலைகொண்ட பிரித்தானியர், தம் கடற்படைத் தளத்தை 1957இல்தான் இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். கோட்டையும் எண்ணெய்த் தாங்கிகளும் இவ்வாட்சிகளின் கண்ணுக்குத் தெரியும் எச்சங்கள் என்றால், ஈழத் தமிழர் ஊர்களில் வழங்கும் 304 என்னும் சீட்டாட்டமும், ஆங்கிலேய அதிகாரிகளின் மனமகிழ் மன்றங்கள் வழியாக இத்தீவுக்கு வந்த பிரிட்ஜும் அவற்றின் அதிகம் பேசப்படாத எச்சங்கள் எனலாம்.

304இல் நால்வர் இருவர் இருவராய்த் தோழமை கொண்டு 32 சீட்டுகளால் ஆடுவர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓரினத்திற்கு 76 புள்ளிகள் வர, நான்கு இனங்களும் சேர்ந்து ஆட்டத்தின் பெயரான 304 ஆகின்றன. ஜாக்கும் ஒன்பதும் ஆசை விஞ்சும் இவ்வரிசை, ஒல்லாந்து வழிவந்த யாஸ் என்னும் ஆட்டக் குடும்பத்தில் துரும்புக்கு, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்துக்கு, உரியதாகையால், 304இன் வேர் அங்கே இருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாற்றை ஆராய்வோர் கருதுவர். இக்கருத்து முடிந்த முடிபன்று என்றாலும், கடலோர இலங்கை ஒன்றரை நூற்றாண்டு ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தமை அதற்கு வலுச் சேர்க்கிறது.

இரண்டு ஆட்டங்களிலும் விளையாட்டுக்கு முன் ஏலம் உண்டு. இத்தனை புள்ளி எடுப்போம் என்று 304இல் ஒருவர் 'கேட்பது' கேள்வி எனப்படும்; கேள்வியில் வென்றவரே துரும்பை முடிவுசெய்வார். முதற் கேள்வி நான்கு சீட்டுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படுவதால், மீதி நான்கும் எப்படி வரும் என்ற நம்பிக்கையும் வேண்டுமென்றே சொல்லும் பொய்யும் ஒன்றையொன்று பிரித்தறிய முடியாதபடி அதில் கலந்துவிடுகின்றன. பலமில்லாத கையோடு உயர்த்திக் கேட்டு, எதிரணியை அதற்கும் மேலே கேட்கவைத்து விழுத்துவதைத் திறமை என்றே ஆடுவோர் மதிப்பர். தேர்ந்த துரும்பைக் கவிழ்த்துவைக்க ஆட்ட விதியே இடந்தருகிறது என்பது இன்னும் கவனத்துக்குரியது: இனம் மறைந்திருக்கிறது, ஆனால் மறைந்திருக்கிறது என்பதை நால்வரும் அறிவர். இருவர் மட்டும் அறிந்த கண்சாடையையோ இருமலையோதான் அளாப்புதல், அதாவது கள்ள ஆட்டம், என்று பழிப்பர்.

பிரிட்ஜில் சிக்கல் கூர்மையானது. 13 சீட்டுகளையும் பார்த்த பின்னரே ஏலம் தொடங்குவதாலும், ஒவ்வொரு கேள்வியும் இன்ன பலத்தையும் இன்ன இனத்தையும் குறிக்கும் என்று தோழர்கள் முன்கூட்டி வகுத்துக்கொள்வதாலும், அங்கே பொய்க் கேள்வி ஐயத்துக்கிடமில்லாத பொய். இன்றைய வடிவிலான பிரிட்ஜை 1925இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் பனாமாக் கால்வாய் வழியே சென்ற ஒரு கப்பலில் வகுத்தார்; அடுத்த பத்தாண்டிலேயே, 'சைக்கிக்' என்று பெயர்பெற்ற பொய்க் கேள்வி டொரத்தி சிம்ஸ் போன்றோரால் புகழடைந்து, நேர்மை குறித்த வாதங்களைக் கிளப்பியது. போட்டிச் சட்டம் அதைத் தடைசெய்யவில்லை. தோழரும் எதிரணியினரைப் போலவே ஏமாறும் நிலையில் இருக்கும்வரை எந்தக் கேள்வியும் செல்லும் என்றும், இவர் இப்படிப் பொய் கேட்பவர் என்பது தோழருக்கு மட்டும் பழக்கத்தால் தெரிந்திருந்தால் அது மறைக்கப்பட்ட உடன்பாடு என்றும் அது வகுத்தது. தயங்குவதுபோல் நடித்து எதிரணியை ஏய்ப்பதையும் அதே சட்டம் விலக்குகிறது; கேள்வியால் பொய் சொல்லலாம், முகத்தால் சொல்லலாகாது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு விந்தையாகத் தோன்றினாலும், வேறெந்த இடத்தில் கோடு கிழித்தாலும் ஆட்டம் நிலைத்திராது.

இக்கோட்டைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. 1965இல் புவெனசு ஐரிசு உலகப் போட்டியில் பிரித்தானியரான டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷபீரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் ஹார்ட் இனத்தின் எண்ணிக்கையைத் தோழருக்கு உணர்த்தினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு அவர்களைக் குற்றவாளிகள் என்றது, சர் ஜோன் ஃபொஸ்டர் தலைமையிலான பிரித்தானிய விசாரணையோ குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் தோழர் ஒருவரையொருவர் பாராதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைக்கப்பட்டது. அதே போட்டியில் இத்தாலிய இணை ஒன்று மேசைக்கு அடியில் காலால் தட்டியதாகப் புகார் எழ, மேசைக்குக் கீழும் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று.

304க்கு இத்தகைய திரையோ, விசாரணை மன்றமோ, உலகக் கூட்டமைப்போ கிடையாது. தோழருக்குச் சாடை காட்டினார் என்று ஒருவர்மீது பழி விழுந்தால், அதைத் தீர்ப்போர் அதே பாயில் இருக்கும் மற்ற மூவர்தாம்.