பச்சை முத்திரையும் கரும்பலகை விலையும்

தமிழ்நாட்டு நகரங்களில் நல்ல உணவு தேடும் நடுத்தரக் குடும்பத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று உழவர் சந்தை, மற்றது ஆர்கானிக் கடை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "எது உடம்புக்கு நல்லது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவை பிறந்த காரணங்களோ வேறு வேறு.

உழவர் சந்தை விலைக்காக வந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆந்திரத்தில் இதேபோல ரைத்து பஜார் தொடங்கியிருந்தது. பஞ்சாபில் அதற்கும் முன்பே அப்னி மண்டி இருந்தது. ஏற்பாடு எளிமையானது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி கடை வாடகை கொடுக்காமல் உட்கார்ந்து விற்கலாம். தராசும் அங்கேயே கிடைக்கும். மொத்தச் சந்தை நிலவரத்தைப் பார்த்து அதிகாரிகள் காலையில் விலையை முடிவு செய்து கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். வெளிக்கடையைவிடக் குறைவு, கமிஷன் மண்டியில் விவசாயிக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல். இடைத்தரகர் இல்லாததால் வந்த லாபத்தை இரு தரப்பும் பங்கிட்டுக்கொண்டார்கள். எந்த மருந்து அடித்தாய் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

ஆர்கானிக் கடை அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. 2013 டிசம்பரில் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்தும் பேசியும் விதைத்த எண்ணம் அது. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் செக்கு எண்ணெயும் நகரத்துக்குத் திரும்பி வந்ததில் அவர் பங்கு பெரிது. விலைதான் இடிக்கிறது. பல பொருள்களுக்கு ஒன்றரை மடங்கு, சிலவற்றுக்கு இரண்டு மடங்கு.

கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த 237 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் முதலிய சத்துகளில் இயற்கை விளைபொருள் மேலானது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பூச்சிக்கொல்லி எச்சத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது: எச்சம் இருந்தவை இயற்கை விளைபொருள் மாதிரிகளில் 7 சதவீதம், மற்றவற்றில் 38 சதவீதம். ஆனால் அனுமதித்த வரம்பை மீறியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி சிறியதுதான். 2014இல் பிரிட்டனிலிருந்து வந்த இன்னொரு தொகுப்பாய்வு, இயற்கை விளைபொருளில் சில ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் கூடுதல், காட்மியம் குறைவு என்றது.

புற்றுநோய் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு சுமார் 69 ஆயிரம் பேரைக் கவனித்தது. இயற்கை உணவை அதிகம் உண்பவர்களிடம் புற்றுநோய் 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், மொத்தப் புற்றுநோயில் அப்படிக் குறைவு எதுவும் தெரியவில்லை. பிரெஞ்சு ஆய்வில் இயற்கை உணவு உண்டவர்கள் வசதியும் படிப்பும் கூடியவர்கள், காய்கறி பழங்களையும் நிறையச் சாப்பிட்டவர்கள். கணக்கில் இதற்கெல்லாம் இடம் கொடுத்துத்தான் முடிவு சொன்னார்கள். இருந்தாலும் பலன் ஆர்கானிக் முத்திரையால் வந்ததா, நிறைந்த தட்டால் வந்ததா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

தட்டு நிறைய வேண்டுமென்றால் எவ்வளவு? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் இது தினம் 2 கிலோ, மாதம் 60 கிலோ. சந்தையில் சராசரி கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 2,400 ரூபாய் ஆகிவிடும். அதையே இரட்டை விலைக்கு வாங்கினால் 4,800. பணம் அதற்கு இடம் கொடுக்காத வீட்டில் நடப்பது நமக்குத் தெரியும். ஆர்கானிக் கத்தரிக்காய் கால் கிலோ வாங்கி, குழம்பில் நாலு துண்டு மிதக்கவிட்டு, மீதி வயிற்றைச் சோற்றால் நிரப்புவார்கள். மருந்து குறைந்தது, காயும் குறைந்தது. இதை ஆரோக்கியம் என்று எப்படிச் சொல்வது?

மலிவாக உண்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சாதகமும் உண்டு. ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023 முதல் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகும் வாங்கிக்கொள்ளலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தாலே பெரிது. அந்தக் கேழ்வரகு ரசாயன உரம் போட்டு விளைந்ததா என்ற கேள்வி, இந்த வித்தியாசத்துக்கு முன்னால் சின்னதாகிவிடுகிறது. அத்துடன் முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பூசணி, பப்பாளி என்று காசும் மருந்தும் அதிகம் கேட்காத வகைகள் நம்மிடம் நிறைய. கடலை, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாம் பருப்பு விலை ஏறும்போது கைகொடுப்பவை.

ஆர்கானிக் கடையில் எனக்கு எரிச்சல் தருவது கல்லாவுக்குப் பக்கத்து அலமாரிதான். நாட்டுச்சர்க்கரை மிட்டாய், தினை லட்டு, வரகு முறுக்கு, எண்ணெயில் பொரித்த சிறுதானிய மிக்சர். சர்க்கரை நோயாளிகள் "இது இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று வாங்கிப் போகிறார்கள். ரத்தத்தில் ஏறிய பிறகு நாட்டுச்சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய பேதம் இல்லை.

இயற்கை விவசாயம் சந்தேகமே இல்லாமல் ஜெயிக்கும் இடம் வாங்குகிறவர் வீடல்ல, வயல்தான். முகமூடியும் கையுறையும் இல்லாமல் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் கூலியாளுக்கு வரும் கேடு, அந்தக் காயைக் கழுவிச் சமைத்து உண்பவருக்கு வருவதைவிடப் பல மடங்கு. எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியால் கேரளத்தின் காசர்கோடு பட்ட பாடு தெரிந்ததுதான். 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் இதே கணக்கில் வரும். ஆகவே கூடுதல் விலையை வைத்தியச் செலவாக நினைக்காமல், விவசாயிக்கும் கூலியாளுக்கும் சேரும் பங்காக நினைத்துக் கொடுப்பவரிடம் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பணம் அவர்களிடம் போய்ச் சேர்கிறதா, குளிர்சாதனக் கடையின் வாடகைக்குப் போகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முத்திரையை நம்பலாமா என்ற கேள்வியும் உண்டு. முறையான சான்றுக்கு ஓராண்டுப் பயிர் நிலம் இரண்டு ஆண்டு, மரப்பயிர் நிலம் மூன்று ஆண்டு மாற்றுக் காலம் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் இறங்கும், விலையோ சாதாரணம்தான். அரை ஏக்கர் காய்கறிக்காரர் இதற்கு எங்கே போவார்? விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று தரும் பிஜிஎஸ் முறை அவருக்காக வந்தது. சான்றே இல்லாமல் மருந்தைக் குறைத்துவிட்டவர்களும் உழவர் சந்தையில் கூடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பலகையில் அவர்களுக்குத் தனி விலை இல்லை.

அதே சந்தையில், நேற்று மாலை மருந்து அடித்து இன்று காலை பறித்த கத்தரிக்காயும் இருக்கலாம். காய்த்துளைப்பான் விழும் காலத்தில் கத்தரிக்கும் வெண்டைக்கும் மருந்து ஓயாது. கழுவினால் மேலே படிந்தது ஓரளவு போகும், செடிக்குள் ஊடுருவும் வகை போகாது. 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் அதிகம் என்று கேரளம் எழுப்பிய புகாரை வெறும் அரசியல் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

மாதம் 500 ரூபாய்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால் அதைக் கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, திராட்சை, காலிஃபிளவர், கத்தரி, வெண்டை ஆகியவற்றில் போடுவேன். தோல் உரிக்க முடியாதவை, மருந்து அதிகம் வாங்குபவை இவைதான். கறிவேப்பிலைக்குத் தொட்டி ஒன்று இருந்தால் அந்தக் காசும் மிச்சம். சேனை, வாழைக்காய், வெங்காயம், தேங்காய், பூசணிக்கெல்லாம் கரும்பலகை விலையே போதும்.