வெள்ளைக் கார் நீலமான கதை

போன மாதம் பெங்களூரிலிருந்து என் பேரன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பினான். பழைய கார் வாங்கப் போகிறானாம். மூன்றும் ஒரே மாடல். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல், ஒன்று சிவப்பு. "தாத்தா, எந்தக் கலர் எடுக்கலாம்?" என்று கேட்டிருந்தான். கார் விஷயத்தில் இந்தக் குடும்பத்தில் என்னிடம் யோசனை கேட்கும் ஒரே ஆள் அவன்தான். காரணம், 1994இல் நான் வாங்கிய காரின் கதை அவனுக்குத் தெரியாது. அவன் பாட்டி இருந்திருந்தால் முதல் வேலையாக அதைச் சொல்லியிருப்பாள்.

அந்தக் கதைக்கு வருமுன் காரின் நிறம் என்கிற சமாசாரத்தைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908இல் மாடல் டி காரைக் கொண்டுவந்தபோது அது சாம்பல், பச்சை, சிவப்பு என்று பல நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும். பழைய முறையில் ஒரு காருக்கு வார்னிஷ் கலந்த வண்ணம் பூசி, தேய்த்து, உலர்த்தி, மறுபடி பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். தொழிற்சாலையிலோ நிமிடக் கணக்கில் வண்டிகள் வெளியே வந்துகொண்டிருந்தன. தார் கலந்த கறுப்பு எனாமல் மலிவு, உறுதி, சூளையில் வைத்துச் சுடலாம். ஒரே நிறம் என்றால் கணக்கும் சுலபம். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்தக் கடைசிக் காரணம் நன்றாகவே புரியும்.

அதை உடைத்தது ட்யூபான் கம்பெனி. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிரான்சை விட்டு அமெரிக்கா போன குடும்பம் அது. 1802இல் டெலவேரில் துப்பாக்கி மருந்து ஆலை தொடங்கினார்கள். பருத்தியையும் நைட்ரிக் அமிலத்தையும் வைத்து வெடிமருந்து செய்யும் அதே ரசாயன வித்தையிலிருந்துதான் சீக்கிரம் உலரும் ட்யூகோ என்ற வண்ணம் பிறந்தது. 1924 மாடல் ஓக்லண்ட் கார் அதைப் பூசிக்கொண்டு நீல நிறத்தில் வந்தது. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஃபோர்டும் 1926 மாடலில் மறுபடி நிறங்களுக்கு இறங்கி வரவேண்டியதாயிற்று. இன்றைக்கும் நம் ஊர்த் தச்சர் அலமாரிக் கதவுக்கு "டூக்கோ அடிக்கலாமா சார்?" என்று கேட்கிறாரே, அந்த டூக்கோ இதுதான். கார்க்காரர்கள் மறந்துவிட்ட பெயரைத் தச்சர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

பிரான்சில் கதை வேறு. 1900களின் தொடக்கத்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயங்களில் நாட்டுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டார்கள். பிரான்சுக்கு நீலம். பின்னாளில் புகாட்டி கார்கள் நீலத்தில் ஓடியதும் அதனால்தான். ஆனால் சாதாரண மக்களுக்குக் கிடைத்தது அந்த நீலம் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த ரெனோ 4 சே.வே. என்ற சின்னக் கார் மணல் மஞ்சளாக இருந்தது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டை போட்ட ஜெர்மன் படையின் வண்டிகளுக்கென்று வைத்திருந்த வண்ணம் மிச்சமிருந்ததாம், அதையே பூசிவிட்டார்கள். மக்கள் அதற்கு "வெண்ணெய்க் கட்டி" என்று பெயர் வைத்தார்கள். 1948இல் அறிமுகமான சித்ரோவன் தெ ஷ்வோ, அதாவது "இரட்டைக் குதிரை", பத்து வருஷத்துக்கும் மேலாகச் சாம்பல் நிறம் ஒன்றில்தான் வந்தது.

அந்தச் சாம்பலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவின் கைக்கு வந்தது; சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. இடைப்பட்ட அந்த வருஷங்களில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளை நான். எங்கள் முசியே ஒருவர் சாம்பல் நிறத் தெ ஷ்வோவில் வருவார். தகரக் கொட்டகைக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். பெரிய மனிதர்களுடைய சித்ரோவன் கறுப்பு. மழை நின்ற பிறகு கடற்கரைச் சாலையில் அது போனால் நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்று பார்ப்போம். கறுப்பு அதிகாரத்துக்கு, சாம்பல் வாத்தியாருக்கு என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

பிறகு அதிகாரம் வெள்ளைக்கு மாறியது. வெள்ளை அம்பாசடர், அதன் மேல் சிவப்பு விளக்கு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அந்த வண்டி 2014 வரை உத்தர்பாராவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மந்திரி, செயலாளர், கலெக்டர் என்று எல்லோருக்கும் அதே வெள்ளை. கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையும் டாக்ஸிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே 70, 80களில் பழைய கார் வாங்குகிறவன் கறுப்பு வண்டியைக் கண்டால், "டாக்ஸியாக ஓடினதோ?" என்று சந்தேகப்படுவான். கறுப்பு ராசியில்லை என்பதும் சேர்ந்துகொள்ளும். புது வண்டி வாங்குகிறவனுக்கும் பெரிதாகத் தேர்வு இல்லை. பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்து, முறை வரும்போது வந்த நிறத்தை வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் சின்னச் சம்பளக்காரனும் கலர் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

இப்போது என் கதை.

1994இல் எனக்கு வயது 43. ஜி.பி.எஃப்.பில் 30 ஆயிரம் எடுத்து, சீட்டுப் பணத்தையும் சேர்த்து, ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கினேன். 1981 மாடல், விலை 48 ஆயிரம். பத்மினி என்று யார் சொன்னார்கள்? எல்லோருக்கும் அது ஃபியட்தான். புரோக்கரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று வெள்ளை, பளபளவென்று இருந்தது. இன்னொன்று வெயிலில் வெளுத்துப்போன வானநீலம். என் மனைவிக்கு நீலம் பிடித்துவிட்டது. "ஏங்க, வெள்ளைன்னா ஆபீஸ் வண்டி மாதிரி இருக்கும். நீலம்தான் வீட்டு வண்டி," என்றாள். நான் கேட்கவில்லை. வெள்ளை சூடு ஏறாது, நாளைக்கு விற்கவும் சுலபம் என்று விளக்கம் சொன்னேன். உண்மைக் காரணம் இப்போது சொல்லலாம்: ஆபீஸ் வண்டி மாதிரி இருந்ததுதான் எனக்குப் பிடித்தது. மேல்நிலை எழுத்தன் ஒருவன் வெள்ளைக் காரிலிருந்து இறங்கினால் வாட்ச்மேன் ஒரு விநாடி நிமிர்ந்து நிற்பான் அல்லவா?

பெயர் மாற்றத்துக்கு 29, 30 நம்பர் படிவங்களைப் புரோக்கரே பார்த்துக்கொண்டான். அரசு ஊழியர் நடத்தை விதிப்படி கார் வாங்கியதை ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியின் பெயர், மாடல், நம்பர் எழுதினால் போதும். நான் என் சொந்த சிரத்தையில் "நிறம்: வெள்ளை" என்றும் சேர்த்தேன்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் பின் இடது கதவின் ரப்பர் பீடிங் கழன்று தொங்கியது. ஒட்டலாம் என்று தூக்கினேன். அடியில் நீலம். விரல் அகலத்துக்கு, சுத்தமான வானநீலம். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் பார்த்தேன், அங்கேயும் நீலம். வீட்டுக்குள் போய் ஆர்.சி. புத்தகத்தை எடுத்தேன். நிறம் என்ற கட்டத்தில் யாரோ ஒரு குமாஸ்தா அழகான கையெழுத்தில், நீல மையில், "ஸ்கை ப்ளூ" என்று எழுதி வைத்திருந்தார். இருபது வருஷம் அடுத்தவர் கோப்பில் கமா விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவன், 48 ஆயிரம் கொடுத்த புத்தகத்தில் ஒரு கட்டத்தைப் படிக்கவில்லை.

முதலியார்பேட்டையில் ஒரு பெயிண்டர் இருந்தார். துணி சுற்றிய காந்தத்தை இடது பக்கம் நெடுக வைத்துக்கொண்டே வந்தார். முன் கதவில் ஒட்டியது. பின் கதவிலிருந்து மட்கார்டு வரை ஒட்டவில்லை. "எல்லாம் பட்டி சார். பக்கவாட்டுல பலமா வாங்கியிருக்கு," என்றார். வெளுத்த பழைய நீலத்துக்கு ஒத்த நிறம் கலக்குவது பெரும்பாடு. கதவு ஒரு நீலம், மட்கார்டு ஒரு நீலம் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மொத்த வண்டிக்கும் வெள்ளை அடித்துத் தள்ளிவிட்டார்கள். நீலம் கேட்ட என் மனைவியை அதட்டி நான் வாங்கியதும் நீல வண்டிதான், அதுவும் அடிபட்டது. அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது. பிறகு சிரிப்பு நின்று, "பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறோமே, ஓடறதுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பெயிண்டர் சேஸிஸ் பக்கம் குனிந்து நன்றாகப் பார்த்து, தகரம்தான் போயிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. புரோக்கரைத் தேடிப் போனால், இடத்தையே காலி செய்துவிட்டான்.

1996இல் பதினைந்து வருஷம் முடிந்து ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. வண்டியைக் காட்டியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிறம் மாற்றினால் எழுதிக் கொடுத்துப் புத்தகத்திலும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இரண்டு வழி சொன்னார். மாற்றத்துக்கு விண்ணப்பம் போடுவது, அல்லது வண்டியைப் பழைய நிறத்துக்கே கொண்டுவருவது. வீட்டில் வந்து சொன்னேன். "புத்தகத்துல ஒருத்தர் அவ்வளவு அழகா எழுதி வெச்சிருக்காரு, அதப் போயி அடிப்பீங்களா? வண்டியவே மாத்துங்க," என்றாள். 9 ஆயிரம் ரூபாய் செலவு. பட்டியைச் சுரண்டி, புதுத் தகரம் வைத்து, டிங்கரிங் முடித்து, வானநீலம் அடித்தார் பெயிண்டர்.

ஆபீசில் வெள்ளை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனே! அதற்கொரு திருத்தக் கடிதம் கொடுத்தேன். கண்காணிப்பாளர் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: "கார் ஒன்றா, இரண்டா?" அந்தக் கோப்பு மூன்று வாரம் சுற்றியது.

அந்த நீல வண்டி 2006 வரை எங்களோடு இருந்தது. இன்று உலகில் மிக அதிகமாக விற்பது வெள்ளைக் கார்தான். பத்து வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான். நம் வெயிலுக்கும் அது ஏற்றதே. சிவப்பு வெயிலில் வெளுக்கும், கறுப்பில் கீறல் தெரியும், மெட்டாலிக் சாம்பலில் ஒட்டுப்போட்டால் நிறம் சேராது. இவ்வளவையும் பேரனுக்கு எழுதிவிட்டு, படத்தை நம்பாதே, காலையில் வெயில் வந்த பிறகு போ, கழுவின ஈரத்தோடு இருந்தால் பார்க்காதே, கதவு ரப்பரைத் தூக்கு, ஆர்.சி.யில் நிறத்தைப் படி என்றும் சேர்த்தேன்.

மறுநாள் ஒரு படம் வந்தது. சிவப்புக் காரின் கதவு ரப்பர், அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் அவன் கட்டைவிரல், அடியிலும் சிவப்பு. கீழே எழுதியிருந்தான்: "பாட்டிக்குச் சிவப்பு பிடிக்குமா தாத்தா?"